மாப்பிள்ளை முன்னால்

அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு ஸ்கேன் எடுக்கிற பெண் போனதும்தான் எனக்கு மூக்கு அரிக்க ஆரம்பிக்கிறது. இரும்போ தங்கமோ எதுவும் உள்ளே வரக் கூடாதாம், சோப்புத் தண்ணீர் தொட்டுத் திருகித் திருகி மூக்குத்தியைக் கழற்றியதில் துவாரம் எரிகிறது, சொறியக் கையைத் தூக்கினால் படம் கெட்டுப்போகும், முதலிலிருந்து எடுக்க வேண்டும். காதில் பஞ்சு. கையில் ஒரு ரப்பர் பந்து. ரொம்ப முடியலேன்னா மட்டும் இதை அமுக்குங்கம்மா, சும்மா சும்மா அமுக்கிராதீங்க என்றாள். நல்ல பெண்தான். கோட்டுக்கு உள்ளே போட்டிருந்த சுடிதார் ரேயான், மூன்றாவது துவைப்பில் சாயம் விட்டுவிடும், எங்கள் கடைக்கு வந்திருந்தால் வேறு எடுத்துக் கொடுத்திருப்பேன். ஸ்கேன் குழாய்க்குள் மல்லாந்து கிடந்துகொண்டு துணி பார்க்கிறேனே என்று எனக்கே சிரிப்பு வருகிறது, சிரித்தால் வயிறு ஆடும், அதனால் சிரிக்கவில்லை. டொக் டொக் டொக் என்று யாரோ தகரக் கதவை இடிக்கிற சத்தம். இடுப்பில் எந்த ஜவ்வு விலகியிருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த இடி. தட்டட்டும். எனக்குப் பயம் இந்த மெஷின்மேல் இல்லை. உடை மாற்றுகிற அறையில் கொக்கியில் மாட்டியிருக்கும் என் கட்டைப்பைமேல்தான் பயம். அதற்குள் என் பாவாடை இருக்கிறது, சேலைக்குள் சுருட்டி, சேலையைத் துண்டுக்குள் சுருட்டி, பையின் அடியில் அமுக்கி வைத்திருக்கிறேன். பாவாடை நனைந்திருக்கிறது. யாராவது பையை நகர்த்தி வைக்கலாம் என்று தொட்டால் வாடை வரும். வருமா? எனக்கு வந்தது. நமக்கு வருவதெல்லாம் மற்றவர்களுக்கும் வரும் என்று ஒன்றும் இல்லையே. ஆனால் வரும்.

தண்ணீர் பாட்டில் நல்லவேளையாகக் கையில் இருந்தது. மாப்பிள்ளை காரை நிழலில் விடுகிறேன் என்று மரத்தடிக்குக் கொண்டுபோனார், நான் பின்சீட்டிலிருந்து இறங்கினேன், கால் இரண்டும் யாருடைய காலோ மாதிரி கனத்தது, கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் சீட்டில் ஒரு வட்டம். ஈரம். முதலில் அது என்னவென்றே எனக்குப் புரியவில்லை, சத்தியமாகப் புரியவில்லை, பாட்டில்தான் கசிந்துவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன், மூடி இறுக்கமாக இருந்தது. பின்னால் கையை வைத்துப் பார்த்தேன். ஐயோ. ஒரு பெண் பிள்ளைக்கு, ஐம்பது தாண்டிய பொம்பளைக்கு, போனது தெரியாமல் போகுமா? வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிவரை மாப்பிள்ளை பேசிக்கொண்டே வந்தார், ஏசி போதுமா அத்தை, வேகத்தடையில் மெதுவாகப் போறேன் அத்தை என்று, நானும் போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், எப்போது நடந்தது? போதும் என்ற நேரத்திலா? அவர் சாவியைச் சுழற்றிக்கொண்டு சுற்றி வருகிற சத்தம் கேட்டதும் கை தானாக மூடியைத் திருகி பாட்டிலைச் சீட்டில் கவிழ்த்துவிட்டது. தண்ணி கொட்டிருச்சு மாப்பிள்ளை. எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்! எட்டு மாசம் தவணை கட்டி வாங்கிய பழைய கார், போன வாரம்தான் சீட்டுக்குப் புது உறை போட்டார், என் மகள் மதிவதனியை வளைகாப்பு முடிந்து கூட்டிப்போக வண்டி நன்றாக இருக்க வேண்டும் என்று. பரவாயில்ல அத்தை, தண்ணிதானே என்றார். சொல்லிவிட்டு முன்னால் கிடந்த துணியை எடுத்துத் துடைத்தார். குனிந்து, ஓரத்தில் தேங்கியதைக்கூட ஒற்றி, பிழிந்து, மறுபடி ஒற்றி. மின்வாரியத்தில் உத்தியோகம் பார்க்கிறவர். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். விடுங்க மாப்பிள்ளை என்று துணியைப் பிடுங்கியிருக்க வேண்டாமா? பிடுங்கக் குனிந்தால் அவர் என் பின்பக்கம் பார்த்துவிடுவாரே என்று முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அந்தக் கையைக் கழுவினாரோ என்னவோ. வாசலில் காத்துக்கொண்டிருப்பார், டீ வாங்கியிருப்பார், அந்தக் கையாலேயே டம்ளரைப் பிடித்திருப்பார்.

சத்தம் மாறிவிட்டது, இப்போது தையல் மெஷின் ஓட்டுகிற மாதிரி. அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் மாப்பிள்ளை முன்னால் நான் முதல்முதலாக உட்கார்ந்ததே அந்தக் காரில்தான். உட்காருங்க அத்தை உட்காருங்க அத்தை என்று அவர் சொல்லுவார், நான் அடுப்படி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நிற்பது எனக்குப் புதிதா என்ன. சேலைக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து நின்றுகொண்டேதான் இருக்கிறேன், ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், வராவிட்டாலும் நிற்க வேண்டும், சாய்ந்தால் சூப்பர்வைசர் கண்ணாடியில் பார்த்துவிடுவார். கக்கூஸ் குடோனுக்குப் பின்னால், போய் வர அனுமதி கேட்க வேண்டும், என்னம்மா மறுபடியுமா என்று அத்தனை பேர் முன்னால் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே நாங்கள் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். நாக்கை நனைக்க ஒரு வாய், அவ்வளவுதான். காலையில் வீட்டில் போனால் ராத்திரி வீட்டில்தான். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அதை நான்தான் சொல்லிக் கொடுப்பேன், அடக்கப் பழகிட்டா வராது புள்ள என்று, பெரிய வித்தை மாதிரி. எனக்கு அதில் ஒரு பெருமை, கேவலம் பிடித்த பெருமை. அதனால்தானே இந்த ஆடித் தள்ளுபடியில் ஒரு நாள் முழுக்க ஒன்றுக்கே வராமல் போனபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது! இடுப்பு விண்விண் என்று தெறிக்கிறது, சேலைக் கட்டைத் தூக்கி மேல் தட்டில் வைத்தபோது சடக் என்று ஒரு சத்தம் உள்ளே கேட்டது, அன்றிலிருந்து வலி, ஆனால் கீழே தொந்தரவே இல்லை. பக்கத்து கவுன்ட்டர் செல்லக்கனியிடம் சொன்னேன், எனக்கு இப்பல்லாம் வரவே மாட்டேங்கு. கொடுத்து வச்சவ நீ என்றாள் அவள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ராத்திரி வீட்டில் போய் உட்கார்ந்தால் சொட்டுச் சொட்டாக வரும், வயிற்றை அமுக்கினால் இன்னும் கொஞ்சம் வரும், தண்ணீர் குடிக்கவில்லை, அதனால் இல்லை என்று கழுவிக்கொண்டு எழுந்துவிடுவேன். கழுவும்போது கை தொடுவது கைக்குத் தெரிகிறது. தொடப்பட்ட இடத்துக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தால் ஒரு திண்டின்மேல் உட்கார்ந்த மாதிரி. எந்த இடம் என்று யாரிடம் எப்படிச் சொல்லுவது? அந்த இடத்துக்கு எனக்குத் தெரிந்த வார்த்தையெல்லாம் சண்டையில் ஏசுகிற வார்த்தைதான்.

டாக்டர் கேட்டாரே. கேட்காமல் இல்லை. முந்தாநாள் எலும்பு டாக்டர் எல்லாம் கேட்டார். மதிவதனிக்கு ஏழாம் மாசம், படியேறக் கூடாது, அதனால் மாப்பிள்ளைதான் லீவு போட்டுக் கூட்டிப்போனார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் சார்பில் எல்லாம் அவரே சொன்னார், இடுப்பு வலி டாக்டர், கடையில் பாரம் தூக்கினாங்க, ரெண்டு காலும் மரத்த மாதிரி இருக்காம். நான் தலையாட்டினேன். படுக்கச் சொல்லிக் காலை நேராகத் தூக்கினார் டாக்டர், வலிக்குதா, இல்லை, இந்தக் கால், இல்லை. ஆச்சரியமாக இருக்கே, ஜவ்வு விலகினா ஒரு காலில் சுரீர்னு இறங்கும், காலைத் தூக்க விடமாட்டாங்க, உங்களுக்கு அப்படி இல்லையே என்றார். நான் பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி மாப்பிள்ளையைப் பார்த்தேன். அப்போதுதான் கேட்டார், சாதாரணமாக, மருந்து எழுதிக்கொண்டே. ஒண்ணுக்கு ரெண்டுக்கு எல்லாம் நல்லாப் போகுதாம்மா? கீழ உக்கார்ற இடத்துல உணர்ச்சி எல்லாம் இருக்கா? மாப்பிள்ளை சட்டென்று தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்தார். அவர் நல்லவர், எனக்காகத்தான் குனிந்தார், ஆனால் அவர் குனிந்ததைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அவர் காதில் விழ நான் என்ன சொல்ல முடியும். அதெல்லாம் நல்லாப் போவுது டாக்டர். எதுக்கும் ஒரு ஸ்கேன் பார்த்திருவோம், அவசரமில்லை என்றார் டாக்டர். அவசரமில்லை என்று அவர் சொன்னதா? இல்லை, நான் சொல்ல வைத்தது. ராத்திரி மதிவதனி போனில் கேட்டாள், எம்மா, எல்லாத்தையும் சொன்னியா? சொன்னேன்ட்டி. பெற்ற மகளிடமும் பொய். அவளிடம் சொல்லியிருக்கலாம், சொன்னால் அவள் அவரிடம் சொல்லுவாள், புருஷன் பெண்டாட்டிக்குள் ரகசியம் நிற்குமா, அதற்கப்புறம் நான் அந்த வீட்டுக்கு எந்த முகத்தோடு போக.

இடி நின்றுவிட்டது. பலகை நகர்கிறது, வெளிச்சம், முகத்துக்கு மேலே ஒரு கண்ணாடி போட்ட முகம். ஸ்கேன் டாக்டராம், பெண் டாக்டர், நரைத்த முடி, நல்ல கைத்தறிச் சேலை. அம்மா, முதுகுல ஒரு இடத்துல கட்டி மாதிரி தெரியுது, ஊசி மருந்து போட்டு இன்னும் கொஞ்சம் படம் எடுக்கணும் என்கிறார். கட்டி. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பஞ்சையும் மீறி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. கட்டின்னா அதுவா டாக்டர்? இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாதும்மா, நரம்புக்குப் பின்பக்கமா உக்காந்திருக்கு, ஜவ்வு விலகினா சாதாரணமா அங்கெல்லாம் போகாது, அதனாலதான். அப்புறம் என் கையில் ஊசிக்கு இடம் தேடிக்கொண்டே கேட்கிறார், சிறுநீர் போறதுல கஷ்டம் எதுவும் இருக்கா? இங்கே மாப்பிள்ளை இல்லை. ஆம்பிளை ஒருத்தரும் இல்லை. பெண் டாக்டர், அந்தச் சின்னப் பெண், நான். வாயைத் திறந்தேன். அதெல்லாம் நல்லாப் போவுது. பலகை உள்ளே போய்விட்டது. நான்தான் சொன்னேனா அதை? யாருக்காகச் சொன்னேன்? மாப்பிள்ளை முன்னால் கூச்சம் என்று இத்தனை நேரம் அவர் தலையில் கட்டிக்கொண்டிருந்தேனே, இப்போது யார் தலையில் கட்டுவது? இவர்களும் பெண்பிள்ளைகள்தானே, இவர்களுக்கும் அதே உடம்புதானே. ஆனால் அந்த டாக்டர் சேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. அந்தச் சேலை முன்னால் எனக்குச் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான், இதைவிடக் கேவலமான காரணம் உண்டா. மருந்து கையில் குளிராக ஏறுகிறது. மறுபடி டொக் டொக். இனி எத்தனை படம் எடுப்பார்கள், கட்டியா என்று பார்க்க இன்னும் என்னவெல்லாம் செய்வார்கள், இன்னொரு நாள் வரச் சொல்லுவார்கள், மாப்பிள்ளை இன்னொரு லீவு போடுவார், இன்னொரு தடவை அந்தக் காரில் உட்கார வேண்டும். எங்கள் கடைக்கு ஒரு மாதிரி ஆட்கள் வருவார்கள், என்ன விலையில் வேணும்க்கா என்று கேட்டால் சொல்லவே மாட்டார்கள், வெட்கம், நீங்க காமிங்க பார்ப்போம் என்பார்கள். நாமும் ஒவ்வொன்றாக உதறி உதறிப் போடுவோம், பட்டு, அரைப்பட்டு, பூனம், மலைபோலக் குவிந்துவிடும், கடைசியில் ஒன்றும் சரியில்லை என்று எழுந்து போய்விடுவார்கள். அந்த ஒரு வார்த்தையை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று மடித்து முடியும்வரை ஏசிக்கொண்டே மடிப்பேன். பாவம் அந்த டாக்டர். நான் விலை சொல்லாத ஆள். என்னை வைத்துக்கொண்டு அவர் எதையெல்லாம் உதறிப் பார்ப்பார்! சேலையென்றால் மடித்து வைத்துவிடலாம். நான் இப்படியே ஆகிவிட்டால்? படுக்கையில், தெரியாமல், நாளெல்லாம்? பிள்ளை பெற்ற உடம்போடு மதிவதனி ஒரு பக்கம் அந்தச் சிசுவுக்குத் துணி மாற்றி, ஒரு பக்கம் எனக்கு. அவள் முடியாமல் படுத்திருக்கும் நாளில் வேறு யார் மாற்றுவார்? அந்தக் கை, பிழிந்து ஒற்றிய அந்தக் கை. வேண்டாம். பந்தை அமுக்கினேன். ஒரு தரம் அமுக்கினால் போதும் என்று சொன்னாள், நான் விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

என்னம்மா, மூச்சு முட்டுதா என்று ஓடி வந்தாள் சின்னப் பெண். பொய் சொல்லிட்டேன் என்றேன். என்ன? டாக்டரக் கூப்பிடு தாயி, நான் பொய் சொல்லிட்டேன். டாக்டர் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன், கண்ணைத் திறந்தால் அந்தச் சேலை தெரியும். ஒண்ணுக்கு வரதே தெரியல. அடைச்சுக்கிட்டு நிக்கி. அப்புறம் தெரியாமப் போயிருது, இன்னிக்குக் கார்ல போயிட்டேன். கீழ, உக்கார்ற இடமெல்லாம் செத்துப்போச்சு. எத்தனை நாளா? நாலஞ்சு நாளா. எலும்பு டாக்டர்ட்ட சொல்லலியா? மாப்பிள்ளை இருந்தாக. டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை, கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பஞ்சால் தொட்டார், தெரியுதா, ஒரு ஊசி முனையால் தொட்டார், இப்போ, இப்போ. தெரியல டாக்டர், தெரியல. வயிற்றில் கை வைத்துவிட்டு, ரப்பர் மாதிரி நிக்குது, ஒரு லிட்டருக்கு மேல இருக்கும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். உள்ளே போய்ப் படங்களைத் திரும்பப் பார்த்துவிட்டு வந்தார், இப்போது நடை வேகமாக இருந்தது. கட்டின்னு எழுத இருந்தேம்மா, எழுதியிருந்தா அடுத்த வாரம் வேற டாக்டரத் தேடி அலைஞ்சிருப்பீங்க. ஜவ்வுத் துண்டு உடைஞ்சு, போகாத வழியாப் போயி நரம்புக் கொத்துக்குப் பின்னால நெருக்கிக்கிட்டு இருக்கு, அதான் காலைத் தூக்கினா வலிக்கல. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும். எல்லாம் திரும்பி வருமா டாக்டர்? வரலாம். இன்னும் ரெண்டு நாள் சொல்லாம இருந்திருந்தா வராதுன்னே சொல்லியிருப்பேன்.

திரைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையிடம் சொல்கிறார்கள். மெதுவாகச் சொல்லக் கூடாதா, ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தொண்டை பெரிது. உங்க மாமியாருக்கு மூத்திரப் பை மரத்துப்போச்சு, மலம் போறதும் தெரியாமப் போகலாம், மலவாய்க்கிட்ட உணர்ச்சி இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் ஒரு சுவர் இடிகிற மாதிரி விழுகிறது, நான் கண்ணை மூடிக் கிடக்கிறேன், அவர் அப்படியே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால்கூடக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கட்ட ஒண்ணும் சொல்லலியே டாக்டர் என்கிறார் மாப்பிள்ளை. கோபமில்லை. அழுகிற பிள்ளையின் குரல். நர்ஸ் குழாய் மாட்டிவிட்டாள், மாட்டியதும் தெரியவில்லை, பை நிறைவதைக் கண்ணால்தான் பார்த்தேன், மஞ்சளாக, நிற்காமல். இது எப்பவும் உங்க இடுப்புக்குக் கீழ இருக்கணும், மேல தூக்கினா திரும்பி உள்ள போயிரும் என்றாள். தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். பையை மாட்டுகிற கம்பி உடைந்திருந்தது. இவங்க கூட வந்த அட்டெண்டர் யாரு, இதைப் பிடிச்சிட்டு வாங்க சார் என்று பையை அவரிடம் நீட்டினாள் நர்ஸ். நான் எழப் பார்த்தேன், படுங்கம்மா என்று அமுக்கினார்கள். மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வண்டி நகர்ந்தது. குளுக்கோஸ் பாட்டில் மாதிரி நினைத்துக்கொண்டார் போல, தோளுக்கு மேலே, தலைக்கு மேலே, கையை நீட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறார், அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு பத்திரமாக. வராந்தா முழுக்க ஆட்கள். எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது எனக்கு. குழாயில் இறங்கியது நின்று, மெல்லத் திரும்பி என் பக்கம் வர ஆரம்பிக்கிறது. நர்ஸ் முன்னால் போய்விட்டாள். யாரும் சொல்லப் போவதில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மாப்பிள்ளை," என்றேன், "மூத்திரம் திரும்பி உள்ள வருது. கீழ பிடிங்க."